செருப்புக்கு அமைந்த சம்பந்தம்

ஓமலிப்பட்டிக்காரர்களுக்கு மூளை கிடையாது என்று சுற்றுவட்டாரத்தில் ஒரு பேச்சு உண்டு. அது அபாண்டம். மூளை இருக்கிறது. எடுத்துப் புழங்கினால் தேய்ந்துவிடும் என்று பத்திரமாக வைத்திருக்கிறார்கள்.

அந்த ஊரில் சடையாண்டி, பெத்தணன், ஒச்சு என்று மூன்று அண்ணன் தம்பிகள். மூத்தவன் சடையாண்டிக்கு நாற்பது நெருங்கியும் கல்யாணம் ஆகவில்லை. பார்த்த இடமெல்லாம் தட்டிப் போயிற்று. அவனுக்கு ஆகாமல் தம்பிகளுக்கும் வழியில்லை என்பதால், மூவரும் முறை வைத்துக் கஞ்சி காய்ச்சி, முறை தவறாமல் அடிப்பிடிக்க விட்டுக்கொண்டிருந்தார்கள்.

கடைசியில் ஒரு தரகர் பக்கத்து ஊர் அய்யாக்கண்ணுவின் மகள் மயிலம்மாளைச் சொன்னார்.

"நல்ல இடம்தான். ஆனா அய்யாக்கண்ணு ஒரு மாதிரி. வாசல்ல செருப்பைக் கழட்டிப் போட்டுட்டுத்தான் உள்ள போகணும். அவரு மொதல்ல செருப்பைப் பார்ப்பாரு, மூஞ்சி எல்லாம் அப்புறந்தான். கழட்டாம உள்ள போனீங்கன்னா பொண்ணைக் கண்ணுலயே காட்ட மாட்டாரு."

மூவரும் திகைத்துப் போனார்கள். பிறந்ததிலிருந்து அவர்கள் காலில் செருப்பு ஏறியதில்லை.

"இல்லாததை எப்பிடிண்ணே கழட்டுறது?" என்றான் ஒச்சு.

"கழட்டணும்னா மொதல்ல மாட்டணும்" என்றான் பெத்தணன். அந்த வீட்டில் விவரமானவன் இவன்தான்.

"மாட்டணும்னா வாங்கணும்" என்று சடையாண்டி பேச்சை முடித்துவைத்தான். இவ்வளவு தூரம் யோசித்த களைப்பில் அன்று மூவரும் காட்டு வேலைக்குப் போகவில்லை.

சந்தையில் ஒரு ஜோடி தோல் செருப்பு வாங்கினார்கள். மூன்று பேரும் ஒரே நேரத்தில் கழற்ற வேண்டும் என்று தரகர் சொல்லவில்லை அல்லவா?

பெண் பார்க்கப் போன அன்று நல்ல மழை. செருப்பைப் புதுத் துண்டில் சுற்றி ஒச்சு தலையில் வைத்துக்கொண்டான். பெரிய மனிதர் வீட்டு வாசலில் அழுக்குச் செருப்பையா போடுவது? மூவரும் சேற்றிலும் சாணியிலும் கணுக்கால் முங்க நடந்தார்கள்.

வாசலில் சடையாண்டி செருப்பை மாட்டி, கழற்றி, உள்ளே போனான். பெத்தணன் அதைத் துண்டால் துடைத்து, மாட்டி, கழற்றி, உள்ளே போனான். ஒச்சுவும் அப்படியே செய்துவிட்டு, கடைசியாக ஒரு தரம் பளபளவென்று துடைத்து வைத்தான். காலைத் துடைக்க யாருக்கும் தோன்றவில்லை. தரகர் காலைப் பற்றி ஒன்றுமே சொல்லவில்லை.

அய்யாக்கண்ணு வாசலை எட்டிப் பார்த்தார். ஒரு பொட்டு மண் இல்லாத செருப்பு.

"செருப்பைப் பார்த்தாலே குடும்பம் தெரியுது" என்று பூரித்துப் போனார். உள்ளே தரையைப் பார்க்கும் பழக்கம் அவருக்கு இல்லை. அதைக் கழுவுகிறவர் அவரில்லையே.

கழுவுகிறவள் காபித் தட்டோடு வந்தாள். காலையிலிருந்து குனிந்து நிமிராமல் துடைத்த தரை. நிலைப்படியிலிருந்து ஜமுக்காளம் வரை மூன்று எருமைகள் நடந்து போனது போலிருந்தது.

"மாப்பிள்ளையை நல்லாப் பார்த்துக்கம்மா. பிடிச்சிருக்கா?" என்றார் அப்பா.

மயிலம்மாள் தட்டை வைத்தாள். "வாசல்ல கிடக்குற அந்தச் செருப்புக்குன்னா இப்பவே கழுத்தை நீட்டுறேன்ப்பா. இந்தக் காலுக்கு மாட்டேன்" என்று சொல்லிவிட்டு வாளி எடுக்கப் போய்விட்டாள்.

சகோதரர்கள் வெளியே போய்க் கூடிப் பேசினார்கள்.

"பொண்ணு சம்மதம் சொல்லிருச்சுண்ணே" என்றான் பெத்தணன். "ஆனா ஒனக்கில்ல. செருப்புக்கு."

சடையாண்டிக்குக் கண் கலங்கிவிட்டது. இந்த இடமாவது அமையும் என்று உண்மையிலேயே ஆசைப்பட்டு வந்திருந்தான்.

"செருப்பு ரெண்டு இருக்கே, எதுக்குண்ணே?" என்று ஒச்சு கேட்டான்.

பெத்தணன் வெகுநேரம் யோசித்தான். "வலது மாப்பிள்ளை. இடது மாப்பிள்ளைத் தோழன்."

சடையாண்டி மூக்கை உறிஞ்சிக்கொண்டான். "சரிடா. நம்ம வீட்டுல யாருக்காச்சும் ஒருத்தருக்கு நடந்தாச் சரி."

அடுத்த முகூர்த்த நாளில் நிச்சயம் பண்ணக் கிளம்பினார்கள். செருப்புக்குச் சந்தனம் பூசி, மாலை போட்டு, தாம்பாளத்தில் வைத்து, குடை பிடித்து, மேளம் முழங்க அய்யாக்கண்ணு வீட்டு வாசலில் வந்து நின்றார்கள். என்ன ஏதென்று விளங்காமல் ஓடிவந்த அய்யாக்கண்ணு, பழக்க தோஷத்தில், "வாங்க, வாங்க. செருப்பை வெளிய போட்டுட்டு உள்ள வாங்க" என்றார்.

மேளம் நின்றது. சடையாண்டிக்கு மீசை துடித்தது.

"மாப்பிள்ளையை வாசல்ல போடச் சொல்ற வீட்டுல எங்களுக்குச் சம்பந்தம் வேண்டாம்யா. மரியாதைன்னா என்னன்னு கத்துக்கிட்டு அப்புறம் பொண்ணைக் கட்டிக்குடுங்க" என்று சொல்லிவிட்டுத் தாம்பாளத்தோடு திரும்பினான்.

வீட்டுக்கு வந்ததும் செருப்பைப் பாயில் வைத்து, வாடிப்போன மாலையைக் கழற்றினான். பக்கத்தில் உட்கார்ந்து அதன் வாரை மெதுவாகத் தடவிக் கொடுத்தான்.

"மனசை விட்டுறாத தம்பி. எனக்கும் போன இடமெல்லாம் இப்பிடித்தான் தட்டிப் போச்சு. நீ இப்பத்தான சந்தைலருந்து வந்திருக்க? ஒனக்கென்ன வயசா ஆயிப்போச்சு?"