வெள்ளிக்கிழமை வார்த்தை

வெட்டுவான்கோட்டை ராஜாவுக்கு இங்கிலீஷ் பிடித்த கதையைக் கேட்டால், பேய் பிடித்த கதையே தேவலை என்பீர்கள். அதுவும் எந்த இங்கிலீஷ்? கொலை, கொள்ளை, தண்டனை இங்கிலீஷ். கப்பலில் வந்த துப்பறியும் நாவல்களை வாசித்து வாசித்து ராஜா சுந்தர மார்த்தாண்ட பூபதிக்குத் தலை கிறுகிறுத்துக் கிடந்தது. வாத்தியார் கோதண்டபாணி நூறு கடின வார்த்தைகளை ஒரு நோட்டில் எழுதிவைத்து, தினம் ஒன்றாக ஓதிவந்தார்.

ராஜாவிடம் ஒரு பழக்கம். கண்ணால் பார்க்காத வார்த்தை அவர் மண்டையில் ஏறாது. ‘கிட்நாப்பிங்’ வந்த அன்று திவானின் மைத்துனரைக் கோணிப்பையில் கட்டி, கோட்டையை மூன்று சுற்றுச் சுற்றினார்கள். மனிதர் ஒரு வாரம் தும்மினார். ‘ஆர்சன்’ என்றால் தீவைப்பு. அன்றைக்குக் குதிரை லாயத்து வைக்கோல் படப்பு போயிற்று. பார்த்தாயிற்று என்றால் ராஜாவே சிவப்பு மையால் அந்த வார்த்தையின் மேல் கோடு போடுவார்.

அந்தச் சமயம் பார்த்து ராஜாவின் வெள்ளிப்பூண் பிரம்பு காணாமல் போனது. கோதண்டபாணிக்குக் கொண்டாட்டம். லாயத்தில் புல் போடும் மாசானம் அன்றைக்கு அரண்மனைப் பக்கம் நடந்தானாம். போதாதா? திங்களன்று அவன் ‘சஸ்பெக்ட்’, சந்தேக ஆசாமி. செவ்வாயன்று ‘மோட்டிவ்’, அதாவது வைக்கோலைக் கொளுத்திய கோபம். புதனன்று இருபது கசையடி. ஒன்பதாவது அடியிலேயே ‘கன்ஃபெஷன்’, ஒப்புக்கொண்டுவிட்டான். மீதிப் பதினொன்று, வார்த்தை நன்றாகப் பதியட்டும் என்று. வியாழன் காலை ‘வெர்டிக்ட்’, தீர்ப்பு. வெள்ளிக்கிழமைக்கு நோட்டில் இருந்த வார்த்தை ‘எக்ஸிக்யூஷன்’. தூக்கு.

மாசானத்தின் பெண்சாதி இசக்கியம்மாள் ஓடிப்போய் ஆவுடையப்பன் வீட்டு வாசலில் விழுந்தாள். ஆவுடையப்பன் அரண்மனை ராயசம். ராஜாவின் கடிதங்களையும் உத்தரவுகளையும் எழுதுகிறவர்.

“தூக்குன்னா என்னன்னு ராசாவுக்குத் தெரியாதாய்யா? தெரிஞ்சுக்க எம் புருசன்தானா கெடைச்சான்?”

அந்த நோட்டை முத்து முத்தாகப் பிரதியெடுத்துக் கொடுத்ததே ஆவுடையப்பன்தான். பிசைந்த சோற்றை அப்படியே வைத்துவிட்டு, மேல்துண்டை உதறிப் போட்டுக்கொண்டு சபைக்கு நடந்தார்.

“ஓய் ராயசம், நாளைக்கு என்ன வார்த்தை தெரியுமா?” என்றார் ராஜா உற்சாகமாக.

“தெரியும் மகாராஜா. ஒரு சின்னச் சந்தேகம். இதுவரை எத்தனை நாவல் வாசிச்சிருப்பீங்க?”

“நாற்பத்தொண்ணு.”

“அதுல முதல்ல பிடிபட்டவனே குற்றவாளியா இருந்தது எத்தனை?”

ராஜா விரல் மடக்கப் பார்த்தார். ஒரு விரலும் மடங்கவில்லை. “ஒண்ணுகூட இல்லையே ஓய்! முதல்ல பிடிபடுறவன் எப்பவும் அப்பாவி.”

“அப்போ நாளைக்கு இவனைத் தொங்கவிட்டா, கதை மூணாம் அத்தியாயத்திலேயே முடிஞ்சுபோகுமே?”

ராஜாவுக்கு வேர்த்துவிட்டது. ஓர் உயிர் போகிறதே என்றல்ல, கதை கெடுகிறதே என்று. “பின்னே யார்தான் எடுத்தது?”

“நாவல்ல யாரா இருக்கும் மகாராஜா?”

“யாரும் சந்தேகப்படாத ஆள். எந்நேரமும் கூடவே இருக்கிறவன். துப்பெல்லாம் தானே எடுத்துக் கொடுக்கிறவன்...”

சொல்லச் சொல்ல ராஜாவின் கழுத்து மெல்லத் திரும்பியது. சபை மொத்தமும் அதே பக்கம் திரும்பியது. கோதண்டபாணியின் தலைப்பாகை நழுவிற்று.

“சஸ்பெக்ட்!” என்று துள்ளினார் ராஜா.

“மோட்டிவும் இருக்கு,” என்றார் ஆவுடையப்பன். “நூறு வார்த்தையும் முடிஞ்சா வாத்தியாருக்குப் பல்லக்குன்னு மகாராஜாவே சொல்லியிருக்கீங்க. தூக்குக்கு ஆள் கிடைக்கலைன்னா நோட்டு பாதியில நின்னுடும். பல்லக்கு ஏது? கன்ஃபெஷனுக்கு அந்தக் கசையைக் கொண்டுவரச் சொல்லட்டுமா? ஒன்பதே அடி போதும்.”

“ஐயோ மகாராஜா!” கோதண்டபாணி நெடுஞ்சாண்கிடையாக விழுந்தார். “நாவல் வேற, நடப்பு வேற! பக்கத்தில நின்னவனெல்லாம் திருடனா? அடிச்சா எவனும் எதையும் ஒப்புக்குவானே! அதெல்லாம் ஒரு சாட்சியா?”

ஆவுடையப்பன் காகிதத்தை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

“வாத்தியாரய்யா, கொஞ்சம் மெதுவாச் சொல்லுங்க. மாசானத்தோட விடுதலை உத்தரவுக்கு இதைவிட நல்ல வாசகம் எனக்கு வராது.”

சபை கொல்லென்று சிரித்தது. ராஜா மட்டும் முகத்தைச் சுளித்தார். “அதெல்லாம் சரி, என் பிரம்பு எங்கே?”

“எங்கெங்கே தேடினாங்க மகாராஜா?”

“லாயம், மடைப்பள்ளி, தோட்டம், ஊர்ல ஒரு வீடு பாக்கியில்லை.”

“மகாராஜாவோட படுக்கையறை?”

“அங்கே தேட எவனுக்கு ஓய் தைரியம்?”

“அதைத்தான் நானும் யோசிச்சேன்.”

ராஜாவுக்குப் போன வாரம் கொசுவலைக் கயிறு அறுந்ததும், கைக்கு அகப்பட்ட எதையோ முட்டுக்கொடுத்துவிட்டு நாவலில் மூழ்கியதும் ஞாபகம் வந்தது. ஆள் போய்ப் பார்த்தான். வெள்ளிப்பூண் பளபளக்க, வலையைத் தாங்கிக்கொண்டு நின்றது பிரம்பு.

ராஜா வயிறு குலுங்கச் சிரித்தார். தோளில் கிடந்த சால்வையை எடுத்து ஆவுடையப்பனுக்குப் போர்த்தினார்.

“நல்லதாப் போச்சு ஓய்! நோட்டுல ‘பார்டன்’ மிச்சம் இருக்கு. மன்னிப்பு. மாசானத்தை நான் மன்னிச்சுட்டேன். போடு கோடு!”

“அது செல்லாது மகாராஜா. அவன் ஒண்ணும் செய்யலையே, எதை மன்னிப்பீங்க? அந்த வார்த்தையைக் கண்ணால பார்க்கணும்னா, அவன்தான் உங்களை மன்னிக்கணும்.”

ராஜாவுக்கு ஒரு வார்த்தையை விட்டுவிட மனம் வருமா? நேரே சிறைக்கொட்டடிக்கே போனார். மாசானம் தரையில் குப்புறக் கிடந்தான். இசக்கியம்மாள் வேப்பெண்ணெய் தடவிக்கொண்டிருந்தாள்.

“டேய் மாசானம், உன்னை விட்டாச்சு. என்னை மன்னிக்கிறியாடா?”

மாசானம் தலையைக்கூடத் தூக்கவில்லை.

“முதுகு ஆறட்டும் மகாராசா. யோசிச்சுச் சொல்றேன்.”