கட்டிக் கொடுத்த பொட்டலம்

நஸ்ரினுக்கு இருபத்தாறு வயது. அவளிடம் கம்ப்யூட்டருக்குக் கட்டளை எழுதும் ஷெல் ஸ்கிரிப்ட் கற்றுக்கொண்ட தெய்வசிகாமணிக்கு ஐம்பத்து நாலு. தன் வயதில் பாதிகூட இல்லாத பெண்ணை அவர் வாய் நிறைய டீச்சர் என்றுதான் கூப்பிடுவார்.

ஊர் ஊராகப் போய் அவர் பதிவு செய்த நாலாயிரம் நாட்டுப்பாட்டுகள் ஒலிக் காப்பகத்தின் பழைய டிஸ்க்கில் இருந்தன. பாடியவர் பெயரே ஃபைலின் பெயர். மத்தியானம் பன்னிரண்டு மணிக்கு அந்த டிஸ்க்கைத் துடைத்துவிடுவார்கள். அதற்குள் எல்லாம் புது டிஸ்க்குக்குப் போயாக வேண்டும். அதற்கு அவரே ஃபங்ஷன் என்ற ஒரு கட்டளைத் தொகுப்பு எழுதியிருந்தார். பெயரைக் கொடுத்தால், அந்தப் பாட்டைக் கொண்டுபோய் அதன் ஊர்ப் பகுதியில் சேர்க்கும்.

பத்தரைக்கு ஓடவிட்டார். ‘மாடத்தி’ போய்ச் சேர்ந்தது. ‘காசி அம்மாள்’ போகவில்லை. ‘காசி’ என்று எதுவும் இல்லை, ‘அம்மாள்’ என்று எதுவும் இல்லை என்றது திரை. நடுவில் இடைவெளி இருந்த இடத்தில் பெயர் ரெண்டாக உடைந்திருந்தது. காசி அம்மாள் இறந்து ஒன்பது வருஷம். இனி யாரிடம் போய்ப் பதிவு செய்வது?

“டீச்சர், கூப்பிடும்போது பேரை மேற்கோள்குறிக்குள்ள வச்சு ஒண்ணாத்தான் கொடுத்தேன். உள்ள போனதும் எப்படி ரெண்டாச்சு?”

நஸ்ரின் மேஜையில் இருந்த ரெண்டு சாத்துக்குடியைத் தாளில் சுற்றி, நூலால் இறுகக் கட்டி நீட்டினாள்.

“வேன் டிரைவர் துரைக்கு. வாட்ச்மேன்கிட்ட கொடுத்து அனுப்புங்க சார்.”

இந்த நேரத்தில் சாத்துக்குடியா என்று அவருக்குச் சுருக்கென்றது. ஆனாலும் போனார்.

அந்தக் கட்டடத்தில் எந்தப் பொட்டலமும் வாட்ச்மேன் ஆரோக்கியம் பிரித்துப் பார்க்காமல் வாசல் தாண்டாது. ஆரோக்கியம் நூலை அவிழ்த்தார், பார்த்தார், பிரித்த வாக்கிலேயே துரையிடம் நீட்டினார். ஒன்று துரையின் கைக்கு வந்தது. இன்னொன்று படியில் உருண்டு போனது.

தெய்வசிகாமணி மூச்சிரைக்கத் திரும்பி வந்தார்.

“நான் கட்டினபடியேதான் கொடுத்தேன். அவர் அவிழ்த்தார், திரும்பக் கட்டலை.”

“அவிழ்க்கறது அவர் வேலை சார். உங்க ஃபங்ஷன் வாசல்லயும் நீங்க போட்ட மேற்கோள்குறி அப்படித்தான் அவிழும்.”

அவர் உட்கார்ந்து, ஃபங்ஷனுக்குள் பெயர் வரும் இடங்களைத் தேடினார். மூன்று இடம். மூன்றிலும் மறுபடி மேற்கோள்குறி போட்டார். காசி அம்மாள் முழுசாகப் போய்ச் சேர்ந்தாள்.

அரை நாள் வகுப்பெடுத்திருந்தாலும் இது இப்படி மண்டையில் ஏறியிருக்காது. கெட்டிக்காரி என்று மனசுக்குள் மெச்சிக்கொண்டார்.

ஆனால் சுலப வழி கண்ணில் பட்டால் மனுஷனால் சும்மா இருக்க முடியுமா?

“ஒவ்வொரு கையிலயும் திரும்பத் திரும்பக் கட்டணும். எங்கயாவது விட்டுப்போகும் டீச்சர். பேசாம எல்லாப் பேர்லயும் அந்த இடைவெளியை எடுத்துட்டா?”

நஸ்ரின் காசி அம்மாளின் பதிவை ஓடவிட்டாள். பாட்டுக்கு முன்னால் ஒரு முதிய குரல் தன் பெயரைச் சொன்னது. காசி என்றது. மூச்சு வாங்கியது. பிறகு அம்மாள் என்றது.

ஒன்பது வருஷத்துக்குப் பிறகு கேட்கிறார். அவருக்குக் கண் கலங்கியது.

“அந்த மூச்சும் போய்ச் சேரட்டும் சார்” என்றாள் நஸ்ரின்.