வீட்டுக்கொரு பாப்பா

அந்தத் தெருவுக்கே கேபிள் இழுத்துவிட்ட முதலாளி ஏகாம்பரம், பக்கத்து வீட்டு இஸ்திரிக்காரி பூமயிலின் போனைப் பிடுங்கிப் பார்த்துவிட்டுத் தெரு அதிரக் கத்தினார்.

"என் வீட்டு நெட்டை உறிஞ்சுற நம்பர் 192.168.1.2. என் மோடமே காட்டிக்கொடுத்திருச்சு. இவ போன்லயும் அதே நம்பர்! திருட்டுக் கழுதை! டேய் சடையா, இவ வீட்டு ஒயரை அறுடா!"

அவரிடம் ஒயர் வேலை பார்க்கும் சடையன் கம்பத்தில் ஏறினான். பூமயிலின் மகளுக்கோ அன்று ஆன்லைன் பரீட்சை. தங்கச்சி வீட்டுப் போனிலும் இதே நம்பரைப் பூமயில் பார்த்திருக்கிறாள்.

"அந்த நம்பர் யாருகிட்ட இருந்தாலும் அறுப்பீங்களா?"

"என்கிட்டயே இருந்தாலும் அறுப்பேன்டி!"

தவளை தன் வாயால் கெட்டது.

"அப்ப உங்க போனைக் காட்டுங்க."

வீறாப்பாக நீட்டினார். அதே 192.168.1.2. தெரு கொல்லென்று சிரித்தது. பூமயில் சிரிக்கவில்லை.

"வீட்டுக்கு வீடு முதல்ல பொறக்குற பிள்ளையைப் பாப்பான்னுதான் கூப்பிடுறோம். ஒவ்வொரு வீட்டு மோடமும் அப்படித்தான், முதல்ல வந்த போனுக்கு இந்த நம்பரைக் குடுக்குது. உங்க வீட்டுப் பாப்பா பாலைக் குடிச்சதுக்கு எங்க வீட்டுப் பாப்பாவை அடிப்பீங்களோ? பொழுதன்னைக்கும் படம் பாக்குறது நீங்க, திருட்டுப்பட்டம் எனக்கா?"

கம்பத்து மேலிருந்து சடையன்தான் கேட்டான்: "மொதலாளி, இப்ப எந்த வீட்டு ஒயரை அறுக்கட்டும்?"