ஆவுடையம்மாள் பீரோவின் இரண்டாவது சாவி

நாலு பேர் கூடிய இடத்தில் இந்தக் கதையைச் சொன்னால் மூன்று கட்சி பிரிந்துவிடும். நானே பார்த்திருக்கிறேன். ஆகவே குறுக்கே பேசாமல் கேளுங்கள். தீர்ப்புச் சொல்லும் வேலையைக் கடைசியில் உங்கள் தலையில்தான் கட்டப்போகிறேன்.

தென்காசியில் ஆவுடையம்மாள் என்றோர் அம்மாள். உடுத்துவதில் அவளுக்கு நிகர் அந்தத் தெருவிலேயே கிடையாது. கல்யாணப் பட்டு எடுக்கப் போகிறவர்கள் அவளைக் கையோடு கூட்டிப்போவார்கள். ஐம்பத்தாறு வயதில் கண்ணில் நீரழுத்த நோய் வந்து, இரண்டு கண்ணும் இருண்டுபோயின. பத்து நாள் அழுதாள். பதினோராம் நாள் வீட்டாரைக் கூப்பிட்டாள்.

"கையைப் பிடிச்சுக் கூட்டிட்டுப் போங்க, தட்டுல சோறு போட்டுத் தாங்க, எல்லாத்துக்கும் சம்மதம். ஆனா எந்தச் சேலையைக் கட்டணும்னு நாந்தான் பாத்து எடுப்பேன். அதை மட்டும் எங்கிட்ட இருந்து பறிச்சிராதீங்க."

படுக்கையறை பீரோவிலோ நாற்பத்திரண்டு சேலைகள். பார்வை போனவள் அவற்றில் ஒன்றை எப்படிப் 'பார்த்து' எடுப்பாள்?

மருமகள் மரகதவல்லி ஊசியும் நூலுமாக உட்கார்ந்தாள். ஒவ்வொரு சேலையின் உள்முனையிலும் கடுகளவு முடிச்சுகள் போட்டாள். மயில்கழுத்துப் பட்டுக்கு வரிசையாக மூன்று, அரக்குப் பருத்திக்கு முக்கோணமாக மூன்று, இப்படி நாற்பத்திரண்டு அடையாளங்கள். சேலைக்குப் போட்ட அதே முடிச்சு, அதற்குரிய ரவிக்கையின் கழுத்துப் பட்டைக்குள்ளும் இருந்தது. போட்டு முடிக்கவும், ஆவுடையம்மாளின் விரல் அவற்றைப் படித்துக்கொள்ளவும் மூன்று மாதம் பிடித்தது.

மகன் பால்வண்ணன் அதைப் பார்த்துச் சிரித்தான். "முடிச்சைத் தடவி முடிக்கிறதுக்குள்ள பொழுது சாஞ்சிரும்" என்றான். அவன் நாற்பத்திரண்டு துணிப்பைகள் தைத்து வாங்கினான். ஒரு பைக்குள் ஒரு சேலை, அதன் ரவிக்கை, உள்பாவாடை, வளையல். மேல்தட்டில் பட்டு, நடுத்தட்டில் பருத்தி, கீழே வீட்டுக்குக் கட்டுவது. எந்தப் பை எத்தனையாவது என்று ஆவுடையம்மாள் மனப்பாடமாக்கிக்கொண்டாள். ஒரு வருஷம் முழுக்க அவள் அப்படித்தான் உடுத்தினாள். முடிச்சுகளை ஒருவரும் நினைக்கவில்லை.

அவள் கணவர் சங்கரலிங்கம், ஓய்வுபெற்ற பஸ் கண்டக்டர். பீரோ அடுக்கிய விஷயத்தில் அந்த மனிதர் ஒரு துரும்பைக்கூடக் கிள்ளிப் போடவில்லை. செய்த ஒரே காரியம் இஸ்திரி. சனிக்கிழமைதோறும் துவைத்த சேலைகளைத் தேய்ப்பார். முனை வந்ததும் விரலால் முடிச்சைத் தொட்டுப் பார்த்து, அந்த இடத்தில் மட்டும் பெட்டியைத் தூக்கிக்கொள்வார்.

மகள் பூங்கோதைக்குக் கல்யாணம் வந்தது. பெண்ணைத் தாரை வார்க்கத் தாயும் தகப்பனும் சேர்ந்து நிற்க வேண்டும். முகூர்த்தம் ஒன்பது முதல் பத்தரை.

இரண்டு நாள் முன்னதாக வந்து இறங்கிய சங்கரலிங்கத்தின் அக்கா பெரியநாயகிக்குச் சும்மா இருக்கக் கை வரவில்லை. கல்யாணத்துக்கு முந்தின ராத்திரி, ஆவுடையம்மாள் கூடத்தில் இருந்தபோது பீரோவைத் திறந்தாள். "இதென்ன, ரேஷன் கடை மாதிரி பையா அடுக்கி வச்சிருக்கு" என்று அத்தனை பைகளையும் கொட்டினாள். சேலைகளை நிறவாரியாக அடுக்கினாள். ரவிக்கைகள் தனிக் குவியல். வளையல்கள் ஒரே டப்பா. பார்த்தால் கண்ணை எடுக்க முடியாத அழகு. அதை யாரிடமும் சொல்லவும் இல்லை, பாவம்.

கல்யாணத்தன்று காலை ஏழரைக்கு ஆவுடையம்மாள் அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினாள். சிறிது நேரத்தில், "என் பையெல்லாம் எங்கே?" என்ற குரல் மட்டும் வெளியே வந்தது. அப்புறம் சத்தமே இல்லை.

மணி எட்டேகால். மணப்பெண் மண்டபத்துக்குப் போயாயிற்று. மரகதவல்லிக்கு அழுகை வந்துவிட்டது. "அத்தை, நானே எடுத்துக் கட்டிவிடுதேன்" என்று ஓடினாள். பால்வண்ணன் அவளுக்கு முன்னால் ஓடினான். அதற்குள் சங்கரலிங்கம் ஒரு நாற்காலியை இழுத்து அறை வாசலை அடைத்துப் போட்டு உட்கார்ந்துகொண்டார்.

"முப்பது வருசம் படியில நின்னவன் நான். அவ கூப்பிடாம ஒருத்தரும் உள்ள ஏறக்கூடாது."

"முகூர்த்தம் தவறிரும்ப்பா. தங்கச்சி வாழ்க்கைப்பா இது" என்றான் மகன்.

"தெரியும்டா" என்றார். நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை.

எட்டு ஐம்பதுக்குக் கதவு திறந்தது. ஆவுடையம்மாள் மயில்கழுத்துப் பட்டில் நின்றாள். அதற்கென்றே தைத்த அதே ரவிக்கை. கொசுவம் ஒரு மடிப்புப் பிசகவில்லை. அவளுக்குப் பின்னால் கட்டில்மேல் மீதி நாற்பத்தொரு சேலைகளும் அதனதன் ரவிக்கையோடு ஜோடி சேர்ந்து கிடந்தன. நாற்பது, ஐம்பது வருஷம் சேலை கட்டிய உறவுக்காரப் பெண்கள் கிட்டே வந்து மடிப்பைத் தொட்டுப் பார்த்தார்கள். பெரியநாயகி தன்னையறியாமல் கைகூப்பினாள்.

தாரை உரிய நேரத்தில் வார்க்கப்பட்டது. மறுவாரம் ஆவுடையம்மாள் பீரோவைப் பூட்டினாள். ஒரு சாவி தன்னிடம், இன்னொன்று ஒரே ஒருவரிடம் என்றாள்.

"அன்னிக்குக் கைகொடுத்தது என் முடிச்சு" என்றாள் மரகதவல்லி. "வருசம் பூரா கைகொடுத்தது என் பை" என்றான் பால்வண்ணன். சங்கரலிங்கம் இஸ்திரிப் பெட்டியைத் துடைத்துக்கொண்டிருந்தார். மறுவீட்டுக்கு வந்திருந்த பூங்கோதைதான், "அப்பா வழிவிட்டிருந்தா என்னாயிருக்கும்?" என்று கேட்டாள்.

இப்போது சொல்லுங்கள். இரண்டாவது சாவி யாருக்கு உரியது?

விடை: சங்கரலிங்கத்துக்கு. முடிச்சும் பையும் பெரிய காரியங்கள்தான். அவை இல்லாமல் அவள் உடுத்தியிருக்க முடியாது. ஆனால் ஆவுடையம்மாள் கேட்டது, தானே எடுக்கிற உரிமையை. பயம் வந்த வேளையில் முடிச்சுப் போட்டவளும் பை தைத்தவனும் அதைப் பிடுங்கத்தான் ஓடினார்கள். சங்கரலிங்கம் வெறும் பிடிவாதத்தில் உட்காரவில்லை. ஒரு முடிச்சுகூட நசுங்கவில்லை என்பது வாராவாரம் தொட்டுப் பார்த்த அவர் ஒருவருக்குத்தான் தெரியும். அடுத்தவர் பீரோச் சாவியை, திறக்காமல் இருக்கத் தெரிந்தவரிடம்தான் கொடுக்க வேண்டும். ஆவுடையம்மாளும் அப்படியே கொடுத்தாள். "நீ கேட்டாத்தான் திறப்பேன்" என்று வாங்கிக்கொண்டார். இன்றுவரை அவள் கேட்கவில்லை.