கரையில் எடுத்த குரல்

தூத்துக்குடிக்குத் தெற்கே, உப்பளங்களின் ஓரத்தில், உப்பு மூட்டைகள் அடுக்கிவைத்த பழைய கிட்டங்கி ஒன்று இருந்தது. உள்சுவர்களில் பஞ்சு மெத்தைகளை அறைந்து தில்ஷாத் அதை ஒலிப்பதிவுக் கூடமாக்கியிருந்தாள். அவளுக்கு முப்பத்தாறு வயது. டிரான்ஸ் இசை செய்பவள். கணினியில் ஒரே தாளத்தை விடாமல் ஓடவிட்டு, அதன்மேல் பல தேசத்துக் குரல்களையும் வாத்தியங்களையும் ஏற்றி, ஆடுகிறவர்களை மெய்மறக்கச் செய்யும் இசை அது. வெளிநாடுகளில் அவள் பெயருக்குக் கூட்டம் கூடும். உள்ளூரில் அவளைத் தேடி வந்தவர் சபாபதி ஒருவர்தான்.

சபாபதிக்கு ஐம்பத்திரண்டு. பாதி ஆயுளுக்கு மேல் கல்யாணக் கச்சேரிகளில் கீபோர்டு வாசித்தவர். பந்தியில் இலை போட்டதும் எழுந்து போகும் முதுகுகளைப் பார்த்தே தலை நரைத்தவர். வந்த அன்று அவளைக் குருவே என்று கூப்பிட்டார். அவள் கூசினாள். பிறகு டீச்சர் என்றார். அவள் விட்டுவிட்டாள்.

"ஒருத்தராவது என் வாசிப்புல தன்னை மறக்கணும், டீச்சர். அதுக்கு என்ன வழி?"

"கேளுங்க" என்றாள் தில்ஷாத்.

"எதைக் கேக்கணும்?"

அவள் ஒரு சின்னப் பதிவுக் கருவியை அவர் கையில் கொடுத்தாள்.

சபாபதி அலைந்தார். உப்பு வாரும் பலகையின் சத்தத்தைப் பதிவு செய்தார். ஐஸ் உடைக்கும் மெஷினைப் பதிவு செய்தார். ஒரு நாள் விடியலில், கரை திரும்பும் படகுகளின் என்ஜின் சத்தத்துக்காக ஒரு மீனவக் கிராமத்துக்குப் போனார். அன்று ஒரு படகு திரும்பவில்லை. இடுப்பளவு தண்ணீரில் நின்று ஒரு தாய் கடலைப் பார்த்துக் கதறினாள். கருவியை நிறுத்த வேண்டும் என்று அவருக்குத் தோன்றியது. விரல் அசையவில்லை.

ஒரு வருஷம் அந்தக் குரலை அவர் தொடவில்லை. அதற்குள் குருவும் சீடருமாக ஒரு ஆல்பத்துக்கு எட்டுப் பாட்டு முடித்திருந்தார்கள். கடைசிப் பாட்டைச் சபாபதி தனியாகவே செய்தார். மங்கோலியர்கள் அடித்தொண்டையில் பாடும் பாட்டை அடியில் வைத்தார். மொராக்கோ நாட்டு மூன்று தந்தி வாத்தியத்தை நடுவில் ஓடவிட்டார். எல்லாவற்றுக்கும் மேலே, தாளம் திரும்பும் ஒவ்வொரு முறையும், "எம் ராசா… எம் ராசா…" என்று அந்தத் தாயின் குரல் எழுந்தது.

ஆல்பத்தை வெளியிடும் கம்பெனியிலிருந்து இரண்டு பேர் வந்து கேட்டார்கள். தில்ஷாத்தும் அப்போதுதான் அதை முதல் தடவையாகக் கேட்டாள். பாட்டு முடிந்த பிறகும் அவர்களில் ஒருவர் கண்ணைத் திறக்கவில்லை. ஆல்பத்துக்கு இதுவே முதல் பாட்டு, அட்டையில் சபாபதியின் பெயரும் இருக்கும் என்று சொல்லிவிட்டுப் போனார்கள்.

வாழ்நாளில் சபாபதியின் பெயர் எந்த அட்டையிலும் வந்ததில்லை.

"டீச்சர், அந்த ஆளு தன்னை மறந்துட்டாரு. பாத்தீங்கல்ல? இதானே நான் கேட்டது?"

"யாரு அழறது?" என்றாள் தில்ஷாத்.

"ஒரு அம்மா. மகன் கடல்ல போயிட்டான்."

"அவங்க இதைக் கேட்டாங்களா?"

சபாபதி இல்லையென்று தலையசைத்தார். தில்ஷாத் கார் சாவியை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனாள்.

அந்தத் தாயின் பெயர் வியாகுலமேரி. அந்த மீனவக் கிராமத்தில், ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்ட வீட்டின் முன்னால் கருவாடு காயப்போட்டுக்கொண்டிருந்தாள். வானம் மூடிக் கிடந்தது. சபாபதியைப் பார்த்ததும் அவளுக்கு அடையாளம் தெரிந்தது.

"அன்னைக்கு ஓரமா நின்னிய. டிவிக்காரவன்னு நெனச்சேன்."

அவர் தலை குனிந்தபடியே விஷயத்தைச் சொன்னார். அவள் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு ஹெட்போனை வாங்கி மாட்டிக்கொண்டாள். முழுப் பாட்டையும் கேட்டாள். அழுவாள் என்று சபாபதி பயந்தார். அவள் அழவில்லை. புருவத்தைச் சுருக்கி, எதையோ தேடுகிற மாதிரி கேட்டாள்.

"இன்னொருக்க போடுங்க."

போட்டார். ஒரு இடத்தில் அவள் கையைத் தூக்கினாள்.

"இதுக்குப் பொறவு பேரச் சொன்னேன்லா. பேரு எங்க?"

"தாளத்துக்குள்ள நிக்கலம்மா. அதான் வெட்டிட்டேன்."

"தனிஸ்லாசுன்னு சொன்னேன்."

"ஆமாம்மா."

"நா அழுதேன்னா நெனச்சிய? அவன கூப்புட்டேன்லா."

காற்றில் கருவாட்டு வாடை வந்தது. அவள் கடல் பக்கம் திரும்பிக் கேட்டாள்.

"இது எம்புட்டு தூரம் போவும்?"

"வெளிநாடெல்லாம் போகும். நீங்க வேண்டாம்னா இப்பவே அழிச்சிடறேன்."

"அழிக்காதிய. ஒடம்பு கெடைக்கல, எந்தக் கரையில கெடக்கானோ. பேரயும் சேத்து விடுங்க."

ஹெட்போனைக் கழற்றிக் கொடுத்துவிட்டு அவள் கருவாட்டைத் திருப்பிப் போடக் குனிந்தாள்.

திரும்பும் வழியில் மழை பிடித்துக்கொண்டது. உப்பளங்களில் உப்பு கரைந்து சாம்பல் நிறத் தண்ணீராகத் தெரிந்தது.

கூடத்துக்கு வந்ததும் சபாபதி வெட்டிய துண்டைத் தேடி எடுத்தார். பெயரை அதன் இடத்தில் வைத்தார். அது தாளத்தைத் தாண்டி ஓடியது. சுருக்கிப் பார்த்தார், அது பறவைக் கத்தலாகிவிட்டது. இழுத்துப் பார்த்தார், வெறும் காற்றானது. உள்ளபடியே வைத்தபோது, பாட்டு சரியாக அந்த இடத்தில் உடைந்தது. அடி தவறி, வாத்தியம் அறுந்து, ஒரு பெயர் மட்டும் தனியாக நின்றது. கம்பெனிக்காரர்களுக்கு அதை அனுப்பினார். பழையதையே கொடுங்கள், இல்லையென்றால் இந்தப் பாட்டு வேண்டாம் என்று பதில் வந்தது.

இரண்டு நாள் அவர் சரியாகச் சாப்பிடவில்லை. மூன்றாம் நாள் தில்ஷாத்தின் எதிரே வந்து உட்கார்ந்தார்.

"அவங்க சொல்றதுலயும் நியாயம் இருக்கு, டீச்சர்."

அவள் நிமிர்ந்து பார்த்தாள்.

"எல்லாரும் கண்ண மூடி ஆடிக்கிட்டிருப்பாங்க. தன்னை மறந்திருப்பாங்க. பேரு வந்ததும் அடி தவறிடும். கால் தடுமாறிடும். எல்லாருக்கும் முழிப்பு வந்துடும்."

"ம்."

"ஆட்டமே நின்னுடும், டீச்சர்."

"நிக்கட்டும்" என்றாள் தில்ஷாத்.