மீட்ட கொலுசு

ஒரு கடைத்தெருவில் ஓர் அடகுக் கடை இருந்தது. அந்தக் கடையின் இரும்புப் பெட்டிக்குள் ஒருநாள் சின்னஞ்சிறு வெள்ளிக் கொலுசு ஒன்று வந்து சேர்ந்தது. காகித உறைக்குள் சுருட்டிப் போட்டிருந்தார்கள். கொலுசுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

அன்று காலைவரை அது ஓவியா என்ற குழந்தையின் காலில் கிடந்தது. அப்போதுதான் நடை பழகிய குழந்தை. அம்மா செந்தாமரை வீட்டிலேயே துணி தைப்பவள். தையல் மிஷினை மிதித்துக்கொண்டே, கொலுசுச் சத்தத்தை வைத்துப் பிள்ளை எந்த மூலையில் நிற்கிறது என்று கண்டுகொள்வாள். குடியிருந்த வீட்டுக்காரர் அட்வான்ஸைக் கூட்டிக் கேட்டுவிட்டார். வேறு வழி தெரியாமல், தூங்கும் பிள்ளையின் காலிலிருந்து கழற்றிக்கொண்டு வந்திருந்தாள்.

பக்கத்து உறையில் ஒரு பவுன் சங்கிலி படுத்திருந்தது. இந்தப் பெட்டிக்கு வருவதும் போவதுமாகவே அதன் பிழைப்பு ஓடிவிட்டது. புதுசாக வந்ததை நலம் விசாரித்துவிட்டு, பிள்ளைக்கு என்ன வயசு என்று கேட்டது. இப்போதுதான் நடக்கிறது என்றது கொலுசு.

"அப்ப உன் பாடு கஷ்டம்தான்" என்றது சங்கிலி. "நான் எப்பப் போனாலும் எங்கம்மா கழுத்து அப்படியேதான் இருக்கும். புள்ளை கால் உனக்காகக் காத்துக்கிட்டு இருக்குமா?"

கொலுசு தன் கடைசிக் கண்ணிகளைத் தடவிப் பார்த்துக்கொண்டது. பிள்ளை வளர வளர நீட்டிக்கொள்ளட்டும் என்று ஆசாரி கொஞ்சம் கண்ணி கூட விட்டிருந்தார். கொஞ்சம்தான்.

அந்தப் பெட்டி வாசலில் இரண்டு பேர் காவல். ஒருவன் பெயர் வட்டி, மற்றவன் பெயர் அசல். வட்டி ஒல்லிக்குச்சி, மாதம் பிறந்தால் போதும், ஊரையே கூட்டுகிற மாதிரி கத்துவான். அசல் ஆள் தடியன். வாசலை அடைத்துக் குறுக்கே படுத்துத் தூங்குவான். வாயே திறக்க மாட்டான்.

மாதம் பிறந்ததும் செந்தாமரை வந்தாள். அவள் குரல் கேட்டதுமே கொலுசு துள்ளியது, கூப்பிடப் பார்த்தது. ஆனால் மனிதர் காதில் விழுகிற மாதிரி கொலுசு பேச வேண்டுமென்றால் அதை ஆட்ட ஒரு கால் வேண்டும். உறைக்குள் காலுக்கு எங்கே போவது? செந்தாமரை வட்டியின் கையில் பணத்தை வைத்தாள். அவன் கத்தலை நிறுத்தினான். இந்த மாதத்துக்குத் தப்பித்தோம் என்று அவள் நிம்மதியாக வீட்டுக்குப் போனாள்.

மாதா மாதம் இதே கதைதான். ஒரு மாதம் கையில் காசில்லை. வாரத் தவணைக்குக் கடன் கொடுப்பவனிடம் வாங்கி வந்து வட்டியின் வாயை அடைத்தாள். அந்தக் கடனின் வாசலிலும் இப்படி இரண்டு பேர் இருப்பார்கள் என்று அவளுக்கு அப்போது தோன்றவில்லை, பாவம்.

கொலுசு ஒருநாள் பொறுக்க மாட்டாமல் வட்டியிடம் சண்டைக்குப் போனது. இவ்வளவு தின்றும் இன்னுமா விட மனசில்லை என்று கேட்டது.

வட்டி சிரித்தான். "நானா உன்னை மறிக்கிறேன்? நான் வெறும் சத்தம். வாசலை அடைச்சுப் படுத்திருக்கிறது அவன். உங்கம்மா ஒரு தடவையாவது அவனைத் தொட்டிருக்காளா? கத்துறவனுக்குத்தான் பயப்படுறா. அவ பயப்படுறவரைக்கும் எனக்குச் சாப்பாட்டுக்குக் குறைவில்லை."

இதை எப்படி அவளிடம் சொல்வது? கொலுசு தவித்துப் போயிற்று.

இப்படியே சில வருஷங்கள் ஓடின. ஒரு பொங்கல் நெருங்கிய சமயம், செந்தாமரையே கடைக்காரரிடம் கேட்டாள். "அண்ணே, ஒரு மாசம் தவறாம கட்டுறேன். பாதியாவது குறைஞ்சிருக்குமா?"

கடைக்காரர் பொல்லாதவர் இல்லை. உள்ளதைச் சொன்னார். "நீ கட்டினது வட்டிக்கே சரியாப் போச்சும்மா. அசல் வாங்கினது வாங்கினபடி இருக்கு."

அவள் கடைப்படியில் உட்கார்ந்துவிட்டாள். ஒரு மாதம்கூடத் தவறியதில்லை என்று அத்தனை நாளும் பெருமைப்பட்டுக்கொண்டிருந்தவள். கட்டிய பணத்தைச் சேர்த்து வைத்திருந்தால் புதுக் கொலுசே வாங்கியிருக்கலாம். அவளைக் கட்டிக்கொண்டு அழ வேண்டும் போலிருந்தது கொலுசுக்கு.

அதற்குப் பிறகு செந்தாமரை வேறு ஆளாகிவிட்டாள். மிக்ஸியை விற்று முதலில் வாரத் தவணைக்காரனின் கணக்கை முடித்தாள். அம்மியில் அரைத்தாள். ராவும் பகலும் தைத்தாள். மாதம் பிறந்தால் வட்டிக்கு உள்ளதைக் கொடுத்துவிட்டு, மிச்சம் எவ்வளவு சின்னத் தொகையாக இருந்தாலும், "இதை அசல்ல கழிச்சுக்குங்க அண்ணே" என்று தனியாக வைத்தாள்.

அன்றைக்குத்தான் அசல் கண்ணைத் திறந்து பார்த்தான். அவன் உடம்பு மெல்ல மெல்ல இளைக்கத் தொடங்கியது. அவன் இளைக்க இளைக்க வட்டியின் தொண்டையும் கம்மிக்கொண்டே போயிற்று. ஆனால் இதெல்லாம் ஒரே நாளில் நடக்கிற காரியமா? மழைக்காலங்கள் வந்து போயின. எப்போது போனாலும் கழுத்து இருக்கும் என்று சொன்ன பவுன் சங்கிலியைத் தேடி யாரும் வரவில்லை. அது ஏலத்துக்குப் போய்விட்டது.

கடைசியில் ஒருநாள் அசல் எழுந்து வேட்டியை உதறிக் கட்டிக்கொண்டு வாசலை விட்டு விலகினான். "என் மேல கோபப்படாதே" என்றான். "அன்னைக்கே எழுப்பியிருந்தா அன்னைக்கே நகர ஆரம்பிச்சிருப்பேன்."

செந்தாமரை கொலுசை முந்தானையில் முடிந்துகொண்டு ஓட்டமும் நடையுமாக வீட்டுக்கு வந்தாள். ஓவியா பள்ளிக்கூடம் விட்டு வந்து பையை இறக்கி வைத்துக்கொண்டிருந்தாள். அவளை உட்காரவைத்து, காலை மடியில் எடுத்து வைத்து, கொலுசைச் சுற்றினாள். கடைசிக் கண்ணிவரை இழுத்தாள். எட்டவில்லை. மறுபடியும் இழுத்தாள்.

"வலிக்குதும்மா" என்றாள் ஓவியா. பிறகு கொலுசைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "அழகா இருக்கு. யாரோடதும்மா இது?"

செந்தாமரை மகளின் காலை விடாமல் பிடித்துக்கொண்டிருந்தாள். வீட்டில் இப்போது ஒரு ரூபாய் கடன் கிடையாது. இனிமேல் கடன் கேட்டு யாரும் கதவைத் தட்ட மாட்டார்கள். ஆனாலும் அவள் விரல்கள் அந்தக் கணுக்காலைச் சுற்றிச் சுற்றி அளந்துகொண்டே இருந்தன.

கொலுசுக்குப் பதில் தெரியும். அதைச் சொல்ல ஒரு சின்னக் கால்தான் இல்லை.