செண்பகத்தின் நடுச் சக்கரம்

முன்னொரு காலத்தில், அதாவது ரயில் வந்துவிட்ட பிறகும் ராஜாக்கள் போய்விடாமல் இருந்த காலத்தில், மலையடிவாரத்தில் ஒரு சின்ன ராஜ்யம் இருந்தது. விஜயகேசரி என்ற ராஜா அதை ஆண்டுவந்தார். தங்கமான மனிதர்தான். ஆனால் அவருக்கு ஓர் ஆசை வந்துவிட்டால் அன்றிலிருந்து ஊரில் ஒருவருக்கும் தூக்கம் இருக்காது.

அவருக்கு ஐம்பது வயது நிறையும் வருஷம் அப்படி ஓர் ஆசை வந்தது. அவருடைய பாட்டனார் சீமையிலிருந்து கப்பலில் வரவழைத்த நீராவி எஞ்சின் ஒன்று ரயில் கொட்டகையில் நின்றது. அதற்குச் செண்பகம் என்று பெயர். பாட்டனார் செண்பகம் இழுத்த வண்டியில் மலைக்கோயிலுக்குப் போய்த்தான் முடிசூட்டிக்கொண்டார். தாமும் பிறந்தநாளுக்கு அதே எஞ்சின் இழுக்க, அதே கோயிலுக்குப் போகவேண்டும் என்றார் ராஜா.

கொட்டகை போர்மேன் ஞானமுத்துவைக் கூப்பிட்டனுப்பினார்கள். அவர் கரி படிந்த கையை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு நின்றார்.

"செண்பகம் மலைக்கோயிலுக்குப் போகுமா?" என்று கேட்டார் ராஜா.

"போகும், மகாராஜா. ஆனா கோயில்ல நிக்காது. நேரே பரலோகம்தான். பாய்லர் தகடு அப்பளமாத் தேஞ்சு கெடக்கு. நெருப்பு மூட்டினா வெடிச்சிரும்."

ராஜாவின் முகம் வாடியது. அப்போது திவான் பூபதி எழுந்தார். சபையிலேயே பெரிய தலைப்பாகை அவருடையதுதான். அவர் எழுந்து நிற்பதற்கும் தலைப்பாகை எழுந்து நிற்பதற்கும் நடுவில் ஒரு கணம் இடைவெளி இருக்கும்.

"கவலை எதற்கு, மகாராஜா? எஞ்சினின் வரைபடங்கள் அரண்மனையில் பத்திரமாக இருக்கின்றன. என் மைத்துனரின் வார்ப்படச்சாலையில் அச்சாக இன்னொரு செண்பகத்தைச் செய்துவிடலாம். எள்முனையளவும் வித்தியாசம் இராது. இருந்தால் இந்தத் தலைப்பாகையைக் கழற்றிச் சபையின் நடுவே வைத்துவிடுகிறேன்!"

ராஜாவுக்கு உயிர் வந்தது. ஆனால் அடுத்த கணமே ஒரு சந்தேகமும் வந்தது. "பழையதும் நிற்க, புதியதும் நின்றால், நான் ஏறிப்போவதைப் போலி என்பார்களே?"

"அதனால்தான் புதியது வந்ததும் பழையதை உடைத்து உருக்கிவிட வேண்டும். ஒரே செண்பகம்தான் இருக்கவேண்டும்," என்றார் திவான்.

சபையின் கடைசி வரிசையில் விகடகவி ஏகாம்பரம் உட்கார்ந்திருந்தான். ஒல்லியான ஆள். ராஜா சிரிப்பதற்காகச் சம்பளம் வாங்குகிறவன். அவனுக்குச் செண்பகத்தின் மேல் தனிப் பிரியம் உண்டு. பெருவெள்ளம் வந்த வருஷம், பாலங்களில் தண்ணீர் புரண்டபோது, மூன்று நாள் அந்த எஞ்சின்தான் ஊருக்குச் சோற்று மூட்டை சுமந்தது. அந்தச் சோற்றைத் தின்று பிழைத்தவர்களில் அவனும் ஒருவன். வாய் சும்மா இருக்கவில்லை.

"மகாராஜா, அதோ சுவரில் தங்கள் படம் இருக்கிறது. எள்முனையளவும் வித்தியாசம் இல்லாமல் தங்களைப் போலவே இருக்கிறது. அப்படியென்றால் இனிமேல்..." என்று ஆரம்பித்தவன் பாதியில் நிறுத்தினான்.

நிறுத்தியது போதாது. ராஜாவுக்குக் கோபம் வந்துவிட்டது. திவான் அந்த நேரத்துக்காகவே பல வருஷம் காத்திருந்தவர். ராஜா ஏகாம்பரத்தின் பேச்சுக்குச் சிரிக்கும்போதெல்லாம் அவருக்கு வயிறு எரியும்.

"மகாராஜா, பழைய இரும்புக்கு இத்தனை பரிந்து பேசுகிற விகடகவியின் கையாலேயே அதன் மேல் முதல் அடி விழட்டும். மறுத்தால் நாட்டைவிட்டுப் போகட்டும்."

"அப்படியே ஆகட்டும்," என்றார் ராஜா.

பத்து மாதத்தில் புதிய எஞ்சின் வந்து சேர்ந்தது. பிறந்தநாளுக்கு ஒரு வாரம் இருந்தது. செண்பகத்தை உடைப்பதற்கு மறுநாள் காலை என்று குறித்தாயிற்று. ஏகாம்பரம் வீட்டில் சோறு இறங்காமல் உட்கார்ந்திருந்தான். விஷயம் தெரிந்த அவன் மனைவி வடிவு கொஞ்சம் மோர் ஊற்றினாள்.

"நாடு கடத்தினா எந்த ஊருக்குப் போறதுன்னு முடிவு பண்ணிட்டீங்களா? தண்ணி நல்லா இருக்கற ஊராப் பாருங்க. என்னால தூரத்துல போயி எறைக்க முடியாது."

"ஒரு எஞ்சினுக்காக ஊரை விட்டுப் போகச் சொல்றியா?"

"நான் எங்க சொன்னேன்? உங்க கை சொல்லுது. சம்மட்டி எடுக்கப்போற கை, மோரைக்கூட எடுக்க மாட்டேங்குதே."

அவன் எழுந்து நேரே கொட்டகைக்குப் போனான். திவான் அங்கே இல்லை. பிறந்தநாள் விருந்தாளிகளை வரவேற்க எல்லைச் சாவடிக்குப் போயிருந்தார். இரண்டு எஞ்சின்களும் பக்கத்துப் பக்கத்துத் தண்டவாளத்தில் நின்றன. பழையதில் பச்சை வர்ணம் உரிந்து, புகைபோக்கியில் ஒடுக்கு விழுந்திருந்தது. புதியது கல்யாண மாப்பிள்ளைபோல மினுமினுத்தது.

ஞானமுத்து புதிய எஞ்சினின் கீழே குனிந்து எதையோ பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டிருந்தார்.

"என்ன போர்மேன், வேலை சரியில்லையா?"

"வேலையெல்லாம் நல்ல வேலைதான்யா. பாய்லர் அருமையா இருக்கு. குத்தம் சொன்னா நாக்கு அழுகிரும். ஆனா இந்த நடுச் சக்கரத்தைப் பாருங்க."

பக்கத்துக்கு மூன்று பெரிய சக்கரங்கள். தண்டவாளத்தை விட்டு இறங்காமலிருக்க ஒவ்வொன்றின் உள் ஓரத்திலும் ஒரு விளிம்பு இருந்தது.

"மூணுலயும் விளிம்பு இருக்கே. அதுல என்ன?"

"இப்போ பழசைப் பாருங்க."

ஏகாம்பரம் பழைய எஞ்சினின் கீழே குனிந்தான். முன் சக்கரத்தில் விளிம்பு இருந்தது. பின் சக்கரத்திலும் இருந்தது. நடுச் சக்கரம் மட்டும் தோசைக்கல் மாதிரி வழவழவென்று இருந்தது.

"தேஞ்சு போச்சா?"

"தேயலய்யா, எங்கப்பா காலத்துல கடைஞ்சு எடுத்தது. சீமையிலேருந்து வந்தப்ப மூணுலயும் விளிம்பு இருந்துச்சாம். சீமையில தண்டவாளம் நேராப் போகும்போல. மலைக்கோயில் போற வழியில நம்ம யானைப்பாறை வளைவு அப்படியா? அம்மாம் நீள எஞ்சின் அந்த வளைவுல திரும்பணும்னா நடுச் சக்கரம் கொஞ்சம் நகந்து குடுக்கணும். விளிம்பு இருந்தா விடாது. முன் சக்கரம் ஏறிக் கீழ எறங்கிரும். அதான் நடுவுல எடுத்துட்டாங்க. படத்துல இதை யாரும் எழுதல. சக்கரத்துலதான் எழுதியிருக்கு."

"திவானிடம் சொன்னீரா?"

"சொன்னேனே! 'தேஞ்ச சக்கரத்தைப் பாத்தா புதுசு செய்யறது? படத்துல இல்லாதது வண்டியில இருக்கக்கூடாது'ன்னு வெரட்டிட்டாரு."

ஏகாம்பரம் யோசித்தான். ராஜா ஏறப்போவது அந்த வண்டியில். இப்போதே ஓடிப்போய்ச் சொல்லலாம். ஆனால் யார் நம்புவார்கள்? சம்மட்டிக்குப் பயந்து கதை கட்டுகிறான் என்பார் திவான். வித்தியாசம் இருக்கிறது என்று தான் சொன்னால் எடுபடாது. இல்லை என்று சத்தியம் செய்தவர் வாயிலிருந்தே அது வரவேண்டும்.

அவன் இரண்டு எஞ்சின்களையும் மாறி மாறிப் பார்த்தான். "போர்மேன், இந்தப் பச்சை வர்ணம் இன்னும் மிச்சம் இருக்கா?"

"நாலு டப்பா இருக்கு."

"கரி?"

ஞானமுத்து சிரித்தார். "கரிக்கா பஞ்சம்?"

பொழுது சாய்வதற்குள் பழைய எஞ்சினுக்குப் புதுப் பச்சை ஏறியது. அதன் புகைபோக்கி ஒடுக்கை ஞானமுத்து மரச்சுத்தியால் தட்டி நிமிர்த்தினார். புதிய எஞ்சினின் மினுமினுப்பின் மேல் இரண்டு பேரும் கரியையும் எண்ணெயையும் குழைத்துத் தேய்த்தார்கள். பழையதிலும் அதே அளவு தேய்த்தார்கள். பெயர்ப்பலகைகள் இரண்டையும் துலக்குவதற்கென்று கழற்றி மூலையில் வைத்தார்கள். முடிந்தபின் ஏகாம்பரம் கொஞ்சம் தள்ளிப்போய் நின்று பார்த்தான். எது எதுவென்று அவனுக்கே தெரியவில்லை.

மறுநாள் காலை கொட்டகை வாசலில் பந்தல் போட்டு, ராஜாவுக்கு நாற்காலி போட்டிருந்தார்கள். ஊரே திரண்டிருந்தது. திவான் தலைப்பாகையில் புதுக் குஞ்சம் வைத்துக்கொண்டு வந்திருந்தார். ஏகாம்பரம் சம்மட்டியைத் தூக்கித் தோளில் வைத்தான். அது அவனைவிடக் கனம் இருக்கும்போலிருந்தது.

"மகாராஜா, ஆணைக்குத் தலைவணங்குகிறேன். பழையதை உடைக்கத் தயார். ஆனால் எது பழையது?"

ராஜா பார்த்தார். இரண்டு பச்சை எஞ்சின்கள். இரண்டிலும் ஒரே அழுக்கு. "திவானே, எது?"

திவான் முன்னால் வந்தார். வலது பக்கம் பார்த்தார். இடது பக்கம் பார்த்தார். "பெயர்ப்பலகைகள் எங்கே?"

"துலக்கக் கொடுத்திருக்கிறது, திவான் அவர்களே. பலகை எதற்கு? தாங்கள் கண்ணால் பார்த்துச் சொல்லக்கூடாதா?"

"அது... சற்று..."

"பாவம், தாங்கள் என்ன செய்வீர்கள்! எள்முனையளவும் வித்தியாசம் இல்லாமல் செய்துவிட்டீர்கள். செய்தவருக்கே தெரியவில்லை என்றால் அதைவிடப் பெருமை உண்டா? வித்தியாசமே இல்லாதபோது எதை உடைத்தால் என்ன? கைக்குக் கிட்டே இருப்பதை உடைத்துவிடுகிறேன்."

ஏகாம்பரம் இடது பக்கம் நின்ற எஞ்சினை நோக்கி நடந்தான். சம்மட்டியை ஓங்கினான். ஓங்கிய வேகத்தில் அவனே பின்னால் விழப்பார்த்தான். பத்து மாத வேலை ஒரு நொடியில் நசுங்கப்போகிறதோ என்று திவான் பதறினார். பட்டு வேட்டி மண்ணில் புரளக் குனிந்து ஒரு எஞ்சினின் அடியில் எட்டிப்பார்த்தார். ஓடிப்போய் மற்றதன் அடியிலும் எட்டிப்பார்த்தார்.

"நிறுத்து! அடேய், நிறுத்து! அதுதான் புதுசு! நடுச் சக்கரத்தைப் பார், விளிம்பு இருக்கிறது! பழசுக்கு விளிம்பே கிடையாது!"

சம்மட்டி அந்தரத்தில் நின்றது.

ராஜா மெதுவாக நாற்காலியிலிருந்து எழுந்தார். "அப்படியானால் வித்தியாசம் இருக்கிறது."

"வித்தியாசம் அல்ல, மகாராஜா! அது வெறும் தேய்மானம். புதியதே சரியானது. படத்தில் உள்ளபடி இருக்கிறது. படம் பொய் சொல்லாது."

ஏகாம்பரம் சம்மட்டியைக் கீழே வைத்தான். அதன்மேலேயே சாய்ந்துகொண்டான். "மகாராஜா, சக்கரம் என்ன சொல்கிறது என்று போர்மேனைக் கேளுங்கள்."

ஞானமுத்து யானைப்பாறை வளைவைப் பற்றிச் சொன்னார். திவான் நடுவில் நாலுதரம் "கட்டுக்கதை" என்றார். ராஜா இருவரையும் பார்த்தார்.

"திவானே, படத்தின் மேல் உமக்கு அவ்வளவு நம்பிக்கையா?"

"பரிபூரண நம்பிக்கை, மகாராஜா."

"நல்லது. புதிய எஞ்சினில் நெருப்பு மூட்டட்டும். எனக்கென்று போட்ட ஆசனத்தில் நீர் ஏறி உட்காரும்."

திவானால் மாட்டேன் என்று சொல்ல முடியவில்லை. புதிய எஞ்சின் ஒரு பெட்டியை மாட்டிக்கொண்டு கிளம்பியது. அழகாகத்தான் போனது. ஊதல் சத்தத்தைக் கேட்டு ஜனங்கள் கைதட்டினார்கள். ராஜா கோச்சு வண்டியில் பின்தொடர்ந்தார். யானைப்பாறை வந்ததும் ஞானமுத்து எஞ்சினை ஆமைபோல நகர்த்தினார். வளைவில் பாதி திரும்பியதும் சக்கரம் கிறீச்சென்று கத்தியது. முன் சக்கரம் தண்டவாளத்தின் மேல் ஏறி, யோசிப்பதுபோல ஒரு கணம் நின்று, தொப்பென்று சல்லிக் கற்களில் இறங்கியது.

உள்ளே ராஜ ஆசனம் குலுங்கியது. திவான் முன்னால் ஒரு ஆட்டம், பின்னால் ஒரு ஆட்டம் ஆடித் தரையில் உட்கார்ந்தார். தலைப்பாகை மட்டும் ஜன்னல் வழியாகப் பறந்து தண்டவாளத்தை ஒட்டியிருந்த பள்ளத்துக்குள் போயிற்று. அவர் இறங்கிவந்தபோது வழுக்கைத் தலை வெயிலில் தகதகத்தது.

"சபையின் நடுவே வைப்பேன் என்றீரே?" என்றார் ராஜா.

"மகாராஜா, யாரையாவது அனுப்பி அதை எடுத்துவரச் சொல்லுங்கள்," என்றான் ஏகாம்பரம். "எங்களுக்குக் கண் கூசுகிறது."

ராஜா அப்போது சிரிக்கவில்லை. அந்தப் பள்ளத்தை எட்டிப்பார்த்துக்கொண்டே நின்றார். தம்முடைய வேகத்தில், தம்முடைய பிறந்தநாளில், தம்முடைய நாற்காலியோடு அதற்குள் போயிருப்போம் என்று கணக்குப் போட்டிருக்க வேண்டும்.

"ஏகாம்பரம், எனக்குப் புதியதும் வேண்டும். பழையதை உடைக்கவும் கூடாது. ஒரே பெயரில் இரண்டு இருந்தால் ஊர் என்னைக் கேலி செய்யாதா?"

"மகாராஜா, மகள் சமைக்கத் தொடங்கிவிட்டாள் என்று தாயைத் தூக்கி அடுப்பில் வைக்கிறார்களா? அடுப்படி மகளுக்கு. தாய் கூடத்தில் உட்கார்ந்திருக்கட்டும். உப்பு எவ்வளவு என்று மகள் கேட்டால் சொல்ல ஆள் வேண்டாமா? உப்பின் அளவை எந்தப் படத்தில் எழுதிவைத்திருக்கிறார்கள்?"

ஆறே நாளில் ஞானமுத்து பழைய சக்கரத்தைப் பார்த்து அளவெடுத்து, புதியதன் நடு விளிம்பைக் கடைந்தெடுத்தார். பிறந்தநாளன்று இளைய செண்பகம் யானைப்பாறையில் பாம்புபோல வளைந்து திரும்பியது. ராஜா வண்டிக்குள் கண்ணை மூடிக்கொண்டிருந்தார் என்றும், வளைவு தாண்டியபிறகுதான் திறந்தார் என்றும் சொல்வார்கள். மூத்த செண்பகம் கொட்டகையில், பெயர்ப்பலகையோடு, பூமாலை போட்டுக்கொண்டு நின்றது. வெடிக்கும் கவலை இல்லாமல் ஊர் ஜனங்கள் அதைத் தொட்டுப் பார்த்தார்கள்.

அன்று மாலைச் சபையில் ராஜா ஞானமுத்துவுக்குப் பட்டுச் சால்வை போர்த்தினார். பிறகு தம் கையிலிருந்த தங்கக் காப்பைக் கழற்றித் தாம்பாளத்தில் வைத்து, ஏகாம்பரத்திடம் கொடுக்கும்படி திவானிடம் நீட்டினார். திவான் புதுத் தலைப்பாகையோடு, பல்லைக் கடித்துக்கொண்டு, தாம்பாளத்தைச் சபையின் கடைசி வரிசைவரை சுமந்து வந்தார்.

ஏகாம்பரம் காப்பை எடுத்தான். வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தான். பிறகு வாயில் வைத்து ஒரு கடி கடித்தான்.

ராஜாவின் புருவம் ஏறியது. "என் கைக் காப்பையே சந்தேகப்படுகிறாயா?"

"ஐயோ, இல்லை மகாராஜா! தங்கள் கையில் இருந்தபோது அசல்தான். அங்கிருந்து இங்கே வருவதற்குள் திவான் அவர்கள் எள்முனையளவும் வித்தியாசம் இல்லாமல் இன்னொன்று செய்திருந்தால்?"

ராஜா சிரிக்கத் தொடங்கினார். சிம்மாசனத்தின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் நீர் வழியச் சிரித்தார். சபை சிரித்தது. கடைசியில், வேறு வழியில்லாமல், திவானின் தலைப்பாகையும் குலுங்கியது.

ஏகாம்பரம் காப்பைக் கையில் மாட்டிக்கொண்டு வீட்டுக்குப் போனான். வடிவு கதவைத் திறந்ததும் அதைக் கழற்றி வாங்கிக்கொண்டு, வெகு கவனமாக அவளும் ஒருதரம் கடித்துப் பார்த்தாள்.